இல்லிக்குடமும் மடற்பனையும்

நன்னூல் படித்தவர்கள் இல்லிக்குடத்தை அறிவார்கள். இல்லி என்பது துவாரம். துவாரமுள்ள குடத்தில் எத்துணை நீர் வார்த்தாலும் நில்லாது. கற்பித்ததை மனத்தில் நிறுத்தமாட்டாத மாணாக்கனுக்குப் பவணந்தி முனிவர் அதனை உவமையாக்கினார். அன்னமும் பசுவும் தலை மாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடை மாணாக்கருக்கு உவமை. இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் நான்கும் கடை மாணாக்கருக்கு உவமை. எருமை நீரைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுக் கசட்டைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளும். வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற எவருக்கும் இவ்வுவமைகளின் நயம் விளங்கும்.

அந்நூலிலேயே இன்னொரு பட்டியலும் உண்டு. இன்னின்னாருக்கு நூல் சொல்லற்க என்று விலக்கும் பட்டியல் அது. கள்ளுண்டு களிப்பவன், சோம்பன், காமி, கள்வன், சினத்தன் என்று அது நீளுகின்றது. இவர்களை விலக்குவதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அதே பந்தியில் பிணியன் இருக்கின்றான், மந்தன் இருக்கின்றான், பழைய நூல்களைக் கண்டு அஞ்சி உள்ளந் தடுமாறுபவனும் இருக்கின்றான். கள்வன் செய்த குற்றம் தெரிகின்றது. மந்தன் செய்த குற்றம் யாது?

பவணந்தியாரைக் குறை கூறுவது என் கருத்தன்று. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், தன்னை நாடி வந்த மாணாக்கனுக்கு இலக்கண நூல் சொல்லும் ஆசிரியனுக்காக அவர் எழுதினார். வருபவன் தானாக வந்தான். கொள்வதும் தள்ளுவதும் ஆசிரியன் விருப்பம். இன்று நம் வகுப்புக்கு வரும் பிள்ளை அவ்வாறு வரவில்லை. இந்நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கின. 2016 இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்ந்தது. வா என்று சட்டம் போட்டு அழைத்த பிள்ளையை, மந்தன் என்று சொல்லி விலக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் விலக்கல் நடக்கின்றது. வாயில் திறந்தே இருக்க, பிள்ளை வகுப்பினுள்ளே இருக்கவே, அது நடக்கின்றது. பின் வாங்கில் இருத்தப்பட்டு, கேள்வி கேட்கப்படாமல், கொப்பி பார்க்கப்படாமல் இருக்கும் பிள்ளை பாடசாலைக்கு வந்தும் வராதவனே.

அத்தகைய பிள்ளையின் பெற்றார் ஒரு நாள் ஒரு கேள்வியை வந்தடைகின்றனர். இவனைப் பாடசாலையிலிருந்து மறித்துவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் அக்கேள்வியோடு வந்தார். மகனுக்கு வயது 9.

“ஐயா, இவனை இனிப் பள்ளிக்கூடத்துக்கு விடுறேல்லை எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“ஏன் பிள்ளை, என்ன நடந்தது?”

“என்ன நடக்க வேணும், ஐயா? நாலு வருஷமாய்ப் பின் வாங்கிலைதான் இருக்கிறான். கொப்பியைத் திறந்தாலே கை நடுங்குது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரமே காய்ச்சல் எண்டு சொல்லிப் படுத்திடுறான்.”

“அவனுக்கு என்ன நல்லாய் வரும்?”

அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கோயில்லை ஒருக்காக் கேட்ட தேவாரத்தை அடுத்த நாள் பிசகாமல் பாடுவான், ஐயா. அதை ஆர் கேக்கினம்?”

ஒரு முறை கேட்ட பதிகத்தை மறுநாள் பாடுபவனை இல்லிக்குடம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் குடத்தில் நீர் நிற்கின்றது. வார்க்கும் வழிதான் வேறாக வேண்டியிருக்கின்றது.

இக்கேள்வி பேசப்படும் இடங்களிலெல்லாம் எடிசனின் தாயின் கதை வருவதுண்டு. இப்பொழுது கைத்தொலைபேசி வழியாகவும் அது ஊர் ஊராகச் சுற்றுகின்றது. ஆசிரியர் ஒரு கடிதத்தைச் சிறுவனிடம் கொடுத்தனுப்பினாராம். உங்கள் மகன் பெரும் மேதை, அவனுக்குக் கற்பிக்க எங்களிடம் ஆசிரியர் இல்லை என்று எழுதியிருப்பதாகத் தாய் கண்ணீரோடு வாசித்தாராம். தாய் இறந்த பின் அக்கடிதத்தை எடிசன் எடுத்துப் பார்த்தாராம். அதில் மகனை மூளை குன்றியவன் என்று எழுதியிருந்ததாம். கேட்போர் கண்கள் கலங்கும். ஆனால் அது கட்டுக்கதை.

உண்மை வரலாறு அக்கதையினும் சிறந்தது. தோமஸ் அல்வா எடிசன் 1847 இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பிறந்தார். 1854 இல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹியூரன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே சிறுவன் சில மாதங்களே பாடசாலை சென்றான். மூளை குழம்பியவன், இவனை இங்கே வைத்திருப்பதில் பயனில்லை என்று ஆசிரியர் பரிசோதகரிடம் சொல்லியதை அவனே தன் காதாற் கேட்டான். அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினான். தாய் நான்சி அவனை அழைத்துக்கொண்டு பாடசாலைக்குச் சென்று ஆசிரியரோடு வாதிட்டார். பின் அவனை மறித்துவிட்டார். எடிசன் பிற்காலத்தில் தாமே கூறிய வரலாறு இது. மறைக்கப்பட்ட கடிதம் ஒன்று அதில் இல்லை. பிள்ளைக்கு எல்லாந் தெரிந்திருந்தது.

கட்டுக்கதையில் தாய் செய்தது ஒரு பொய் சொல்லியதே. உண்மையில் அவர் செய்தது மறுநாட் காலையில் பாடஞ் சொல்லத் தொடங்கியது. நான்சி திருமணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். கிபன் எழுதிய உரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றையும், ஹியூம் எழுதிய இங்கிலாந்து வரலாற்றையும் மகனோடு இருந்து படித்தார். பாக்கர் என்பவர் எழுதிய இயற்கை விஞ்ஞான நூல் ஒன்றை அவன் கையிற் கொடுத்தார். அதில் வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க பரிசோதனைகள் இருந்தன. சிறுவன் நிலவறையில் அவற்றைச் செய்து பார்த்தான். அங்கே எழுந்த நாற்றத்தையும் புகையையும் தாய் பொறுத்துக்கொண்டார். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுத்தது ஒரு நாளில் முடிந்த காரியம். எடுத்த பின் கற்பித்தது பல ஆண்டுக் காரியம். நான்சியின் பெருமை இரண்டாவதிலேயே இருக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எடிசனுக்கு இன்ன குறைபாடு இருந்தது என்று இன்று பலர் பெயர் வைக்கின்றனர். இறந்துபோன ஒருவரை வைத்தியர் பரிசோதிக்க முடியாது, அப்பெயர்களெல்லாம் ஊகமே. அவருடைய காது சிறு வயதிலேயே மந்தமாகியிருந்தது என்பது மட்டும் தெளிவு. மேலும், அமெரிக்காவில் 1093 காப்புரிமைகள் பெற்றவரின் கதையைக் காட்டி, மறிக்கப்பட்ட பிள்ளையெல்லாம் மேதையாவான் என்று பெற்றாருக்கு ஆசை காட்டுவது கொடுமை. பெரும்பாலான பிள்ளைகள் எடிசன் ஆகமாட்டார்கள். எடிசன் ஆகாத பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும். பயமின்றி ஓரிடத்தில் இருந்து கற்க அவனுக்கும் இடம் வேண்டும்.

ஆதலின் புகழ் பெறாத ஒரு பிள்ளையைப் பற்றியும் சொல்லுகின்றேன். 1896 இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீபோர்ட் என்னும் ஊரின் வைத்தியர் பிரிங்கிள் மோர்கன், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பேர்சி என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். வயது 14. கண்ணிற் குறையில்லை. விளையாட்டில் எவருக்கும் இளைத்தவனல்லன். 7 வயது முதல் வாசிக்கக் கற்பிக்கப்பட்டும் சிறு சொற்களையே வாசிக்க இடர்ப்பட்டான். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சுட்டிக் காட்டும்வரை பிழையை அவன் காணவில்லை. ஆனால் 749 ஐ 867 ஆற் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமாயின் இவனே பாடசாலையில் முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அக்குறையை மோர்கன் பிறவியில் வரும் சொற்குருடு என்றார். டிஸ்லெக்சியா என்னும் பெயரை 1887 இலேயே ருடோல்ப் பேர்லின் என்னும் ஜேர்மனிய வைத்தியர் வழங்கியிருந்தார். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உண்டாகும் இடர்ப்பாடு அது. சோம்பலால் வருவதன்று. பிரம்பால் போவதுமன்று.

தமிழ் எழுத்து இத்தகைய பிள்ளைக்கு எளிது என்று எண்ணுகின்றவர்கள் ஒரு முறை அவனுடைய இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். எழுத்துக்கள் 247. இரண்டு சுழி ‘ன’, மூன்று சுழி ‘ண’. ஒரு சுழியால் சொல் மாறிவிடும். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ பின்னே வருகின்றது. ‘கொ’ என்பதில் மெய்யொலி நடுவில் இருக்க, உயிரின் ஒரு பாதி முன்னும் ஒரு பாதி பின்னும் நிற்கின்றது. கண் செல்லும் வழி ஒன்று, காது செல்லும் வழி இன்னொன்று. நமக்கு அது பழகிப்போயிற்று. சில பிள்ளைகளுக்கு அது பழக நெடுங்காலம் எடுக்கும். தனியான பயிற்சியும் வேண்டும்.

அப்பயிற்சி எத்தகையது? 1921 இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் வாசிக்க இடர்ப்படும் பிள்ளைகளுக்கு ஒரு நிலையத்தைத் தொடங்கிய கிறேஸ் பேர்னால்ட் அம்மையார், சொல்லை விரலால் தடவி எழுதச் செய்து, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். கண், காது, கை, வாய் நான்கும் ஒருங்கே ஓர் எழுத்தைக் கற்றன. இதைப் படித்தபோது எனக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் மணலைப் பரப்பி விரலால் எழுதினர்; எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் வேகத்தில் சென்றான். அங்கே பிரம்பும் இருந்தது. அதை நாம் போற்ற வேண்டியதில்லை. மணலையும் விரலையும் குரலையும் விட்டுவிட்டது நமக்கு நட்டமே.

இனி, பாடசாலையிலிருந்து பிள்ளையை எடுப்பதற்கு வருவோம். இதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. இரண்டையும் ஒரே சட்டத்திற் காணலாம். இங்கிலாந்தின் 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்கு அதன் வயதுக்கும் ஆற்றலுக்கும் ஏற்ற கல்வியைப் பாடசாலை மூலமாகவோ வேறு வழியாகவோ அளிப்பது பெற்றார் கடமை என்று கூறிற்று. ‘வேறு வழியாகவோ’ என்ற அச்சிறு தொடரைப் பற்றிக்கொண்டே அங்கே பல பெற்றார் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கின்றனர். இஃது ஒரு வாயில். பிள்ளையோடு கல்வியும் வெளியே செல்கின்றது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. பாடசாலையிற் கற்கும் ஆற்றலற்றவர் என்று முடிவு செய்யப்பட்ட பிள்ளைகளைக் கல்வி அதிகாரிகள் தங்கள் பொறுப்பிலிருந்து நீக்கிவிட அது வழிசெய்தது. நுண்ணறிவு ஈவு குறைந்த பல்லாயிரம் பிள்ளைகள் அவ்வாயிலால் வெளியேறினர். சிலர் சுகாதாரத் துறையின் பயிற்சி நிலையங்களுக்கும், சிலர் ஆஸ்பத்திரிகளுக்கும் போயினர். சிலர் வீட்டு மூலையில் இருந்தனர். அங்கே வெளியே சென்றது பிள்ளை மட்டுமே. 1970 ஆம் ஆண்டுச் சட்டம் அப்பிரிவை ஒழித்தது. 1971 ஏப்ரில் முதல் கற்பிக்கத் தகாத பிள்ளை என்று சட்டத்தில் ஒருவரும் இல்லை. பவணந்தியார் பட்டியலின் மந்தனுக்கு அன்று அந்நாட்டில் இடங் கிடைத்தது.

அதன்பின் மேரி வார்னொக் அம்மையாரின் குழு 1978 இல் அறிக்கை அளித்தது. 1981 ஆம் ஆண்டுச் சட்டம், குறைபாட்டின் பெயரால் பிள்ளைகளை வகைப்படுத்தியதை விடுத்து, பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. கூடியவரை எல்லாரும் பொதுப் பாடசாலையிலேயே கற்க வேண்டும் என்னும் எண்ணமும் வலுத்தது. ஆனால் 2005 இல் அதே வார்னொக் அம்மையார் அவ்வெண்ணம் அளவு கடந்துவிட்டது என்று எழுதினார். பெரிய வகுப்பொன்றில் உடலால் இருந்தும் உள்ளத்தால் தனித்திருக்கும் பிள்ளைகளைக் கண்டே அவர் அவ்வாறு எழுதினார். ஆகவே, பொதுப் பாடசாலையே நல்லது என்றோ, வீடே நல்லது என்றோ, சிறப்புப் பாடசாலையே நல்லது என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது பொருந்தாது. பிள்ளை எங்கே கற்கின்றான் என்பதே கேள்வி.

நம் நாட்டில் கண்ணுக்குத் தெரிந்த குறைக்குப் பாடசாலை முன்னரே வந்தது. மேரி சப்மன் அம்மையார் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியது 1912 இல். கைதடியில் நவீல்ட் பாடசாலை அப்பணியை வடக்கிலே செய்கின்றது. ஆனால் பேர்சியைப் போன்ற பிள்ளையின் குறை முகத்தில் எழுதியிருப்பதில்லை. அவன் ஓடுகின்றான், பாடுகின்றான், கடைக்குப் போய்ச் சரியாக மிச்சக் காசு வாங்கி வருகின்றான். ஆகவே வாசிக்காதிருப்பது அவனுடைய கள்ளம் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் உண்டு. பிள்ளையை அங்கே சேர்ப்பதைக் குடும்பத்துக்கு வந்த அவமானமாக எண்ணுகின்ற பெற்றாரும் உண்டு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைக் கொண்டு பிள்ளைகளை நிறுக்கும் ஊரில் வேறென்ன எண்ணம் வரும்?

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டே அந்தத் தாயிடம் சில கேள்விகள் கேட்டேன். கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டியதுண்டா? பிள்ளை வெறுப்பது பாடத்தையா, அந்த வகுப்பையா? மறித்துவிட்டால் திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அவனுக்கு முன்னால் இருந்து பாடஞ் சொல்லப் போகின்றவர் யார்? அவன் யாரோடு விளையாடுவான்? மீண்டும் பாடசாலைக்குப் போக விரும்பினால் அதற்கு வழியை வைத்திருக்கின்றீர்களா?

மூன்றாவது கேள்விக்கு அவரிடம் விடையில்லை. கணவர் இல்லை, அவர் பகல் முழுவதும் தையற் கடையில் வேலை. வீட்டில் இருப்பவர் வயோதிபரான பாட்டனார். பிள்ளையை மறித்தால் என்ன நடக்கும் என்பதை இருவரும் அறிவோம். முதலில் வீட்டில் இருப்பான். பிறகு அயலார் கடையில் சாமான் நிறுப்பான். பிறகு அதுவே அவன் வாழ்க்கையாகிவிடும். கடை வேலை இழிவென்று சொல்லவில்லை. 9 வயதில் அதைத் தவிர வேறு வழியில்லாது செய்வதே கொடிது. நான்சியின் வாயில் என்று எண்ணி மற்ற வாயிலால் பிள்ளையை அனுப்பிவிடுவது எவ்வளவு எளிது!

அதற்காக, அந்தப் பின் வாங்கிலேயே இன்னும் நான்கு ஆண்டு இருக்கட்டும் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் காய்ச்சல் வரும் பிள்ளைக்குப் பொறுத்திரு என்பது விடையாகாது. அவனை அந்தப் பாடசாலையிலிருந்து எடுக்கத்தான் வேண்டும், ஆனால் வீட்டுக்கன்று என்றேன். அடுத்த ஊர்ப் பாடசாலை ஒன்றில் விசேட கல்வி அலகு இருந்தது. கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டன, குறையில்லை. பிள்ளை அங்கே சேர்ந்தான். பாட்டனார் சைக்கிளில் ஏற்றிச் சென்று ஏற்றி வந்தார். மாலையில் முற்றத்து மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொன்னான். அவன் பாடமாக வைத்திருந்த பதிகங்களையே எழுத்திற் காட்டினோம். வாயிலிருந்த சொல்லைக் கண் தேடிப் பிடித்தது.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. முதலாண்டில் முன்னேற்றம் சிறிதே. இன்றும் அவன் விரலை வைத்தே வாசிக்கின்றான். ‘கண்’ என்பதைச் சிலவேளை ‘கன்’ என்று எழுதுகின்றான். ஆனால் கொப்பியைத் திறக்கும்போது கை நடுங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல் போய்விட்டது. அவன் பெயருக்கு எதிரே இப்பொழுதும் குறைந்த புள்ளிகளே இருக்கின்றன; அதைப் பார்த்து அழுவதைத் தாயும் விட்டுவிட்டார்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு சொல் உண்டு. நன்னூல் மாணாக்கரை மட்டும் வகை செய்யவில்லை. ஆசிரியராகத் தகாதவர்களையும் வகை செய்கின்றது. கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. நம் நாட்டாருக்கு மடற்பனையை விளக்க வேண்டியதில்லை. கருக்கு மட்டை கழியாத பனையில் பழம் நிறைய உண்டு. ஏறிப் பறிக்க முடியாது. தானாக விழுந்ததைப் பொறுக்கலாம். தனக்கு வசதியான ஒரே வழியில் மட்டும் பாடஞ் சொல்லி, அவ்வழியில் வாங்கமாட்டாத பிள்ளையைக் கிட்ட வரவிடாத ஆசிரியன் மடற்பனை. இல்லிக்குடத்தை எளிதில் அடையாளங் காணுகின்ற நாம் மடற்பனையை அடையாளங் காண்பது அரிது.

அந்நூலில் நான் அடிக்கடி நின்று நோக்கும் இடம் ஒன்றுண்டு. நல்லாசிரியனுக்குக் கூறிய உவமைகளில் நிலம் ஒன்று. உழுபவனின் முயற்சி எவ்வளவோ அவ்வளவு பயன் தருவது அதன் இயல்பு. இடை மாணாக்கனுக்கு உவமை கூற வந்தபோதும் பவணந்தியார் மண்ணையே எடுத்தார். கற்பிப்பவனுக்கும் கற்பவனுக்கும் ஒரே பொருளை உவமையாக்கிய புலவர், இருவரும் ஒருவரையொருவர் உழ வேண்டியவர்கள் என்று கருதினார் போலும். பிள்ளையைப் பாடசாலையிலிருந்து எடுக்கலாமா என்று கேட்டு வருகின்ற பெற்றாரிடம் நாம் முதலிற் கேட்க வேண்டியது, எடுத்த பின் உழப்போகின்றவர் யார் என்பதே. அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்கவும் உரிமையுண்டு: இவ்வளவு காலமும் நீங்கள் உழுதீர்களா?